கீழ் லயத்துக்குக் கொடி இல்லை

இலங்கை மலைநாட்டில், கலஹாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான மேல் லயத்தை மூடியபோது நான் ஐந்தாம் வகுப்பு. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. கட்டிய துணியோடு தப்பி, எல்லோரும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தங்கினோம்.

அன்றே கீழ் லயத்தார் வந்துவிட்டார்கள். அடைமழையில் கொழுந்து வேலை இல்லாமல் அவர்கள் வீட்டிலும் பானை காலிதான். ஆனாலும் எல்லா வீட்டிலும் மிஞ்சியிருந்த மாவையும் ஒன்றாகக் கொட்டிப் பிசைந்து, ஒரே அடுப்பில் ரொட்டி சுட்டு, முதலில் எங்களுக்குக் கொடுத்தார்கள். கீழ் லயத்தில் குடியிருந்த என் சித்தி, வீட்டிலிருந்த ஒரே கம்பளியை என்மேல் போர்த்திவிட்டுப் போனாள். அவள் பிள்ளைகள் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள்.

பிறகு வெளிநாட்டு உதவி லொறியில் வந்தது. அதிகம் அனுப்பியது ஒரு பெரிய நாடு. எல்லாம் கோதுமை மா. விளைச்சல் மிதமிஞ்சி, வைக்க இடமில்லாமல் அனுப்பினார்கள் என்று லொறிக்காரரே சொன்னார். இருக்கட்டும், பசிக்குத் தின்றோம், அதில் குறை சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம், உதவிய நாடுகளுக்காகப் பள்ளிக்கூடத்தில் நடத்திய நன்றி விழாவின்மேல்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த எங்கள் தலைமை வாத்தியார் எங்களைக் கொடி வரைந்து சுவரில் ஒட்டச் சொன்னார். அதிகம் கொடுத்த நாட்டுக்குப் பாய் அளவு கொடி, குறைவாகக் கொடுத்த நாட்டுக்கு உள்ளங்கை அளவு. மூட்டையைப் பார்த்தாரே தவிர, கொடுத்தவன் வீட்டில் மிச்சம் என்ன இருந்தது என்று அந்த மனிதர் யோசிக்கவே இல்லை. எந்த நாடு தாராளம் என்று பத்திரிகையில் வரிசை போட்டிருந்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

விழாவில் எழுந்து கேட்டேன். "சேர், கீழ் லயத்துக்குக் கொடி எங்க? அவங்க இருக்கிறதெல்லாம் குடுத்தாங்களே!"

"கீழ் லயம் எண்டு ஒரு நாடு இருக்கோ பிள்ளை?" என்றார் வாத்தியார்.

வந்திருந்த பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். கதவோரம் நின்ற சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா எழுந்து ஒரு வார்த்தையாவது கேட்பார் என்று திரும்பிப் பார்த்தேன்.

"ஏம்ப்பா பேசாம இருந்தீங்க?" என்று பிறகு சண்டை பிடித்தேன்.

"நமக்கு ஏதும்மா கொடி?" என்றார்.

பயந்தாங்கொள்ளி அப்பா என்று நினைத்து, அவரோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழி என்று எங்கள் குடியுரிமையைப் பறித்துவிட்டார்கள் என்பதோ, இலங்கையும் இந்தியாவும் எங்களைத் தம் மக்கள் என்று சொல்லவில்லை என்பதோ எனக்கு அப்போது தெரியாது. வாத்தியார் என்னிடம் கேட்ட கேள்விக்கு, அப்பாவிடம் மட்டும்தான் பதில் இருந்திருக்கிறது.