டேங்க் வாயில் வைத்த கை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறேன். மாதம் ஒருமுறை புதுச்சேரி பதிவெண் காரில் ஒரு பெரியவர் வருவார். வெள்ளைத் தொப்பி, நீண்ட விரல்கள், சிரிக்காத முகம்.

முதல் நாள், “காஸோல் போடுப்பா” என்றார். அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் பெட்ரோலை காஸொலின் என்று சொன்னது நினைவிருந்தது. கேட்கக் கூச்சப்பட்டு பெட்ரோல் குழாயை எடுத்தேன். அவர் சட்டென்று டேங்க் வாயை உள்ளங்கையால் மூடினார்.

“கைய எடுங்க சார்.”

“இருப்பா.” குனிந்து குழாயை மோந்து பார்த்தார். “இது பெட்ரோலு. பிரான்ஸ்ல காஸோல்னா டீசல். உட்டிருந்தா இஞ்சின் போயிருக்கும்.”

என் வேலையும் போயிருக்கும். “டீசல்னே சொல்லியிருக்கலாமே சார்?”

“அங்கயே ரொம்ப வருஷம் இருந்தேன், வாய் பழகிடுச்சுப்பா.”

நான் நம்பவில்லை. டீசல் என்ற சொல் இப்போதுதானே அவர் வாயில் சுத்தமாக வந்தது? வேண்டுமென்றே தப்பாகப் போடவைத்து, வண்டியைக் கெடுத்துவிட்டதாகச் சண்டை பிடிக்க வந்தவரோ என்று நினைத்தேன். அப்படிப்பட்டவர் ஏன் தடுக்கிறார்?

இப்போதும் வருகிறார், காஸோல் என்றே கேட்கிறார். டீசல் குழாயை எடுத்தாலும் அவர் கை டேங்க் வாயில்தான். நானே குழாயை மூக்கருகே நீட்டுகிறேன். மோந்த பிறகுதான் கையை எடுக்கிறார். அவர் நம்பாதது என்னையா, அந்தச் சொல்லையா என்று கேட்க இன்னும் எனக்கு வாய் வரவில்லை.