சந்தனம் பூசிய பேலன்சர்

நான் பயந்தாங்கொள்ளி. கார் மெக்கானிக்குக்கு ஆகாத குணம்தான். ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்கு அடியில் நுழையும்முன் ஆட்டி ஆட்டிப் பார்ப்பேன். காஞ்சிபுரத்தில் தறிக்கார வீட்டில் பிறந்து, தாமல் போகிற வழியில் ஷெட் போட்டவன். ஊராருக்கு பிரேக் சரிபார்த்துக் கொடுத்து நிம்மதியாகக் காலம் தள்ளியிருப்பேன், என் தங்கை மட்டும் கார் ரேஸுக்குப் போகாமல் இருந்திருந்தால்.

அவளுக்காக ஒரு பழைய சின்னக் காரின் இன்ஜினைப் பிரித்துக் கட்டினேன். நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றிலேயே மூச்சு வாங்கிய இன்ஜின் எட்டாயிரத்தை எட்டியது. அவள் குதித்தாள். நான் உடனே இன்ஜினை அணைத்தேன். காரணம், இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் பேலன்சர்.

பார்க்க ஒரு பெல்ட் சக்கரம், அவ்வளவுதான். நடுவில் இரும்புக் குடம், வெளியே இரும்பு வளையம், இரண்டுக்கும் இடையில் ரப்பர். ஒவ்வொரு சிலிண்டரும் எரிந்து தள்ளும்போது கிராங்க் ஒரு மயிரிழை முறுக்கிக்கொண்டு திரும்பும். அந்த நடுக்கத்தை ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கும் வளையம் வாங்கிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் வேகம் ஏற ஏற நடுக்கம் பெருகி கிராங்கே ஒடிந்துபோகலாம். ரப்பர் பிடி விட்டாலோ வளையம் கழன்று பறக்கும். எங்கள் வண்டியில் அது சுழலும் நேரில்தான் ஓட்டுகிறவரின் கால்கள். நடுவில் ஒரு தகரம்.

வண்டியோடு வந்த பேலன்சரில் ரப்பர் வெடிப்பு விட்டிருந்தது. தங்கை, ரப்பரே இல்லாத அலுமினியச் சக்கரம் ஒன்றைப் போனில் காட்டினாள். எடை குறைவாம், இன்ஜின் சட்டென்று எகிறுமாம், எல்லாரும் அதைத்தான் போடுகிறார்களாம். நாள்கணக்கில் சண்டை. கடைசியில், அதிவேக இன்ஜினுக்கென்றே செய்தது என்று கடைக்காரர் சத்தியம் செய்த, ரப்பர் வைத்த எஃகுச் சக்கரத்தை வாங்கினேன். மாட்டியதும் குடத்திலிருந்து வளையம்வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தேன். ஓடிய பிறகு கோடு இரண்டாக விலகியிருந்தால் வளையம் நழுவுகிறது என்று அர்த்தம்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து டிராக்கில் பயிற்சி ஓட்டம் முடிந்து வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம். ஸ்டாண்டில் ஏற்றி, பேலன்சர் கண்ணில் படும்படி வலது முன் டயரைக் கழற்றிவிட்டு, சூடு ஆறட்டும், காலையில் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் ஆயுத பூஜை. நான் பூ வாங்கி வருவதற்குள் அம்மா வீட்டுத் தறிக்குப் பொட்டு வைத்துவிட்டு ஷெட்டுக்கு வந்திருந்தாள். ஸ்பானர், ஜாக்கி எல்லாம் துடைத்தாயிற்று. மகன் இத்தனை நாள் புலம்பிய சாமான் ஆயிற்றே என்று, பேலன்சரை மட்டும் பெட்ரோல் துணியால் தனியாகத் தேய்த்துப் பளபளப்பாக்கி, சந்தனம் பூசிக் குங்குமம் இட்டிருந்தாள். கோடு போன இடம் தெரியவில்லை.

அது விலகியிருந்ததா இல்லையா, இனி யாருக்கும் தெரியாது. அம்மாவிடம் என்ன சொல்ல? நன்றாக இருக்கிறது என்றேன். தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை ரேஸ் வேண்டாம் என்றேன்.

"நீ பயந்துக்கினே இருப்ப, அதுக்காக நான் வீட்லயே குந்திக்கினு இருக்கணுமாண்ணா?"

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. புதுக் கோடு போட்டு, இங்கேயே எட்டாயிரம்வரை ஏற்றிப் பார்ப்போம் என்றேன். டைமிங் லைட் மின்னும் வெளிச்சத்தில், சுழலும் சக்கரம் நிற்பதுபோலத் தெரியும். கோடு விலகினால் கண்ணில் பட்டுவிடும். அம்மாவை வீட்டுக்கு அனுப்பினோம். தங்கை டிரைவர் சீட்டில் ஏறப் போனாள். கையைப் பிடித்து இழுத்து, லைட்டைக் கொடுத்து, வண்டிக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்துவிட்டு நான் ஏறினேன்.

ஐயாயிரம். ஆறாயிரம். இடது காலை மடக்கிக்கொண்டேன். ஆக்சிலரேட்டரில் இருந்த காலை மடக்க வழியில்லை. இத்தனை கோயில் உள்ள ஊரில் ஒரு சாமி பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. ஏழாயிரத்தைத் தாண்டியபோது அவள் பக்கம் பார்த்தேன். ரேஸ் என்றால் உயிரை விடுகிறவள். கோடு விலகினாலும் சொல்வாளா என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது.

லைட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். "அண்ணா, நிறுத்து. கோடு விலகுது. காலை எடுண்ணா, காலை எடு."

சாவியைத் திருப்பினேன். இன்ஜின் அடங்கிய பிறகும் என் கால்கள் அசையவில்லை. அவள் ஓடி வந்து கதவைத் திறந்து, குனிந்து, இரண்டு கைகளாலும் என் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே எடுத்துவிட்டாள்.