விரட்டாத ஈக்கள்

சிதம்பரத்தில் ஆராய்ச்சி செய்த நாட்களில் என் கனவிலும் பழ ஈக்கள்தான் பறந்தன. கடுகளவு உடம்பு, சிவந்த கண். ஒரு தோப்பின் ஈக்களுக்குள் ஒரே மரபணு இரண்டு வடிவங்களில் பரவியிருக்கும். வெயில் காலத்தில் ஒன்று பெருகும், மழைக்குப் பின் மற்றது. அடுத்த கோடையில் முதலாவது திரும்பி வந்தால்தான் அது பருவத்தின் வேலை. வராவிட்டால் வெறும் தற்செயல், என் ஆராய்ச்சியும் கோவிந்தா.

திருவதிகைப் பக்கம் ஒரு பலாத்தோப்பில் முதல் கோடையிலும், மழை விட்ட தை மாதத்திலும் ஈ பிடித்திருந்தேன். மறு கோடையில், பலா முடியும் வாரத்தில், மூன்றாம் முறையாகப் பஸ் ஏறினேன். கண் சொக்கியது. முந்திரி மரங்கள் வெயிலில் மிதந்து மிதந்து பின்னால் போயின. தூக்கத்திலேயே பலா வாசனை வந்துவிட்டது.

போய் இறங்கினால் தோப்பு கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது. ஓர் அழுகல் பழம் இல்லை. தோப்புக்காரர் பெருமையாக நின்றார்.

"படிச்ச பொண்ணு வருதேன்னு எல்லாத்தயும் கூட்டி அள்ளி எரிச்சுட்டேம்மா. போன தடவ எவ்ளோ ஈ! எனக்கே வெக்கமாப் போச்சு."

"மாமா, அந்த ஈக்குத்தானே நான் வந்தேன்!"

"ஈய ஒழிக்கத்தான ஆராய்ச்சி பண்றீங்க?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் யார்மேல் காட்டுவது? இரண்டு முறையும் எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பிடித்துக்கொண்டு போன மகராசி நான்தானே. வாழைப்பழத்தை நசுக்கி வைத்துப் பார்த்தேன். புகை வாடைக்கு ஒன்றும் அண்டவில்லை. கிழக்கே மேகம் வேறு கறுத்தது. மழை விழுந்தால் இந்தக் கோடை போயிற்று.

அவர் மனைவி கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப்போனார். "மொதல்ல பழம் தின்னு. ஒனக்குன்னு காலயிலயே அறுத்து வெச்சிருக்கேன்."

பழத்தை மூடியிருந்த கூடையைத் திறந்ததும் குப்பென்று எழுந்தன. புகைக்குப் பயந்து தோப்பு ஈக்கள் எல்லாம் சமையலறைக்குக் குடி வந்திருந்தன. "சீ, கருமம் புடிச்ச ஈ!" என்று அவர் துண்டை ஓங்கினார்.

"ஐயோ அத்தை, விரட்டாதீங்க!"

நான் போட்ட கூச்சலில் துண்டு கீழே விழுந்தது. மாமா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். மூன்று பேருமாகக் கண்ணாடிக் குழாய்களை நிரப்பினோம். எதற்கு என்று இந்தத் தடவை முழுசாகச் சொன்னேன்.

ஆராய்ச்சி முடிவு வந்த அன்று போன் செய்தேன்.

"மாமா, வெயில் வடிவம் திரும்பி வந்துடுச்சு!"

போன கோடையைப் பார்த்த ஈ ஒன்றுகூட உயிரோடில்லை. எத்தனையோ தலைமுறை தாண்டி அந்தக் கோடை மட்டும் வந்திருந்தது.

மாமா சொன்னார்: "அப்ப வர்ற கோடைக்குத் தோப்பக் கூட்டல. ஒறவுக்காரங்க வந்து மூஞ்சியச் சுளிச்சா, ஒன் பேரத்தான் சொல்லுவேன்."