திலகவதி மேடம் சேர்த்த ஒரு கேள்வி

“சுகப்பிரசவந்தாம்மா. பொம்பளப் புள்ள. மூணு கிலோ நூறு கிராம். மூக்கு அப்படியே எம் பொண்ணுது.”

திலகவதி மேடம் என்னை எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்லிவிட்டு லட்டு டப்பாவைத் திறந்து நீட்டினேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுப்பவர் அவர். கேட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சின்ன அறை. பாதி லட்டைக் கடித்த பிறகுதான், “நீங்க யாரும்மா?” என்றார்.

“ஏழுமலை மாமியாரு. பச்சையம்மா. புதுவாயல்லேர்ந்து வரேன்.”

மெல்லுவதை நிறுத்தினார். “எந்த ஏழுமலை? பழவேற்காட்டாண்ட குப்பத்துலேர்ந்து வர்றாரே, அவரா? அவரு மாமியாரு போன மாசமே செத்துட்டாங்களே! நாந்தான லீவு குடுத்தேன்!”

“இன்னொரு லட்டு எடுத்துக்கம்மா” என்றேன்.

ஏழுமலை என் மருமகன். அப்போது ஆறு மாதமாகத் தற்காலிக வேலை. அடுத்த வாரம்தான் நிரந்தரமா, வீட்டுக்கா என்று முடிவு செய்வதாக இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நான் லட்டோடு போய் நின்றிருக்கிறேன்.

மேடம் ஏழுமலையை வரச் சொன்னார். என்னைப் பார்த்ததும் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னா மாப்ள, எப்படிச் செத்தேனாம் நானு?”

“நெஞ்சு வலின்னு சொன்னேன் அத்த” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

வேறு ஒருவராக இருந்தால் அங்கேயே அடையாள அட்டையைக் கழற்றி வாங்கியிருப்பார். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “செரி, அன்னிக்கி நெஜமா எங்க போன?” கோபமே இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

“ஏரில எங்க பாடு மேடம்.”

ஏரியில் நன்றாக மீன் விழும் இடத்தில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. குப்பத்தில் வீட்டுக்கு வீடு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் பாடு. ஆள் வராவிட்டால் அந்த முறை போச்சு. அவர் அப்பாவுக்குக் கை விளங்காமல் போனதிலிருந்து ஏழுமலைதான் தண்ணீரில் இறங்க வேண்டும்.

“இத சொல்றதுக்கு இன்னா?”

“மீன் புடிக்கப் போறேன்னா, அப்ப அதையே பாருன்னு அனுப்பிடுவீங்க மேடம். சாவுன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

மேடம் விடவில்லை. முறை வைப்பது யார்? முன்னாலேயே தெரியுமா? ஒரு மாதம் முன்னாலேயே தெரியும் என்றதும் கம்ப்யூட்டரைத் திறந்து, அதே குப்பத்து ஆட்களின் லீவையெல்லாம் பார்த்தார். ஒருவருடைய சித்தப்பா இரண்டு முறை இறந்திருந்தார். மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நானும் யோக்கியம் இல்ல” என்று என் பக்கம் திரும்பினார். சொந்த ஊர் வல்லூர். இதே கம்பெனியில் பேக்கிங்கில் நின்றுகொண்டே தபாலில் படித்தவராம். “பரீட்சை அன்னிக்கெல்லாம் எனக்குத் தலவலிதான்.”

பேச்சுச் சத்தம் கேட்டு மேனேஜர் சரவணகுமார் வந்தார். “பொய் சொன்னவன எப்படிம்மா பர்மனென்ட் பண்றது?”

“பொய்க்கு மன்னிப்பு எழுதி வாங்கிக்கலாம் சார். ஆனா, பாரத்துல ரத்த வகையிலேர்ந்து ஷூ சைஸ் வரைக்கும் கேக்கறோம். ஊர்ல எந்த நாளு கண்டிப்பா இருக்கணும்னு கேட்டமா?”

கோபால் என்று இன்னொருவர் அங்கே வேலை செய்கிறார். வீட்டில் நெல் நிலம். நடவு வந்தால் லீவுக்கு அலைவார். இருவரும் ஷிப்டை மாற்றிக்கொள்ளட்டும் என்றார் மேடம். மேனேஜர் யோசித்தார். “ஒரு மாசம் பாக்கறேன். நடுவுல ஒரு பொய் வந்தாலும் ஆளு வெளிய.”

அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் யாருக்கும் தும்மல்கூட வரவில்லை. பாடு அன்று கோபால் நின்றார். நடவு அன்று ஏழுமலை நின்றார்.

இன்று காலை பேத்தியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். ஏழுமலை நிரந்தரக் கடிதத்தோடு வெளியே வந்தார். அங்கே வேலை கேட்டு வந்த பத்துப் பேர் வரிசையாக நின்று பாரம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் புதிதாக ஒரு கேள்வி: ஊரில் நீங்கள் கட்டாயம் இருக்க வேண்டிய நாட்கள் எவை? அந்த இடத்தில் எல்லார் பேனாவும் நின்றுவிட்டது.

மேடம் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு அவர்களைப் பார்த்துச் சொன்னார்: “வெக்கப்படாம எழுதுங்கப்பா. இந்தம்மாவ இன்னொரு வாட்டி சாவடிக்க முடியாது.”