மெட்டியைக் கழற்றிவிட்டு ஆடிய பாலே

பாலே என்று சொன்னால் எங்கள் டி. கல்லுப்பட்டியில் பாதிப் பேருக்கு விளங்காது. வெள்ளைக்காரர்கள் கால் நுனியில் நின்று ஆடுவார்களே, அந்த நாட்டியம் என்று விளக்கினால், "சர்க்கஸா?" என்பார்கள். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் கார்டை முன்னும் பின்னும் நகல் எடுத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. ஆள் வராத நேரத்தில் செல்போனில் பாலே பார்ப்பேன். ஒரு தடவை ஏதோ சமையல் வீடியோ தேடியபோது அது தானாக வந்து நின்றது. ஒருத்தி ஒற்றைக் கால் நுனியில் ஏறி, மறு காலைப் பின்னால் தூக்கி, அசையாமல் நின்றாள். அடுப்பில் வெண்டைக்காய் தீய்ந்தே போய்விட்டது, அவள் இறங்கவில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். கடைக்கு வருகிறவர்கள், "என்னக்கா, அந்தப் புள்ள இன்னும் கீழ எறங்கலையா?" என்று கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும். எனக்கு யார் எப்படி நின்றாலும் குதிகால் எங்கே இருக்கிறது என்றுதான் கண் போகும்.

ஆனால் ஆடியதில்லை. எங்கே போய் ஆடுவது?

என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சுவலி வந்து, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஸ்டென்ட் வைத்துக் கூட்டி வந்தோம். அதிலிருந்து எனக்கு ஜெராக்ஸ் கடை இரண்டாவது வேலை, முதல் வேலை அவர் முகத்தைப் பார்ப்பது. கடைக்கும் கூடவே கூட்டிப் போய் உட்கார வைத்துக்கொள்வேன். தும்மினால் எழுந்து நிற்பேன். படியேறினால் பின்னாலேயே ஏறுவேன். கல்யாணம் காட்சி என்றால் மொய் எழுதி, இலையில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஓடி வருவேன். வெளியூர்ப் பேச்சே கிடையாது. அவர் இதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. நல்லவேளை என்று நானும் நினைத்திருந்தேன்.

போன மாதம் கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினாள். மதுரை ஆரப்பாளையம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆடவே தெரியாத பெரியவர்களுக்கு பாலே வகுப்பு. கட்டணம் கிடையாது, வயசு கணக்கு கிடையாது. சாக்ஸ் மட்டும் கொண்டு வரவேண்டும். நான் அதைப் படித்துப் படித்துப் பார்த்தேன். போனால் காலையில் கிளம்பி, திரும்ப மத்தியானம் தாண்டிவிடும். அம்புட்டு நேரம் அவரைத் தனியே விட்டதில்லை. வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். அவர் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, போயிட்டு வா என்றார். முடியாது என்றேன். சனிக்கிழமை அவரே போய் சாக்ஸ் வாங்கி வந்து கட்டிலில் போட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற வெள்ளை சாக்ஸ்.

மண்டபத்து மாடி பந்தி நடக்கிற இடம். மேஜைகளை ஓரமாக அடுக்கியிருந்தார்கள், முந்தின நாள் சாம்பார் வாசம் இன்னும் போகவில்லை. பாலே வகுப்பில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கும், இங்கே அதற்கு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றாக இருந்தால் நகர்கிறது என்று நாலைந்தைச் சேர்த்து அடுக்கி ஆளுக்கு ஓர் அடுக்கு. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். பெங்களூரில் படித்துவிட்டு மதுரைக்கு வாக்கப்பட்டு வந்தவள். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் காலேஜ் பிள்ளைகள். என் பக்கத்தில் நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பேங்க்காரம்மா நின்றார். நான் சுடிதார் போட்டிருந்தேன். இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே நின்றேன், யாரும் என்னைப் பார்க்கவில்லை.

சாக்ஸை மாட்டினதும் அந்தப் பெண் என் காலைப் பார்த்துவிட்டாள். மெட்டி சாக்ஸுக்குள் புடைத்துக்கொண்டு தெரிந்தது. கழற்றிவிடுங்கள் ஆன்ட்டி, நுனியில் ஏறும்போது விரல் மடங்கும், மெட்டி அழுத்தி விரலை வெட்டிவிடும் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். கல்யாணத்தன்று அம்மியில் கால் வைத்து அவர் போட்டுவிட்டது. பிரசவத்துக்குக்கூட நான் கழற்றினதில்லை. மெட்டியைக் கழற்றினால் புருஷனுக்கு ஆகாது என்று யாராவது என்னிடம் வந்து சொன்னால் சிரிப்பேன். ஆனால் ஸ்டென்ட் வைத்த மனுஷனை வீட்டில் தனியே விட்டுவிட்டு வந்து, அவர் போட்ட மெட்டியை நானே உருவுவதா? கை போகமாட்டேன் என்கிறது. பேங்க்காரம்மா, தான் பஸ்ஸிலேயே கழற்றிப் பர்ஸில் போட்டுவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். அவர் புருஷன் கல்லுக்குண்டு மாதிரி இருப்பார் போல.

போட்டுக்கொண்டே ஆடுகிறேன் என்றேன். கூடாது, வேண்டுமானால் உட்கார்ந்து பாருங்கள் என்றாள். பார்ப்பதற்கா பஸ் ஏறி வந்தேன்? பார்ப்பதென்றால் ஜெராக்ஸ் கடை போதாதா? எனக்கு அவள் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம். வராந்தாவுக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"மெட்டியக் கழட்டச் சொல்றாங்க" என்றேன்.

"கழட்டு."

"ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"நெஞ்சுவலி வந்தன்னைக்கு ஒங் கால்ல மெட்டி கெடந்துச்சா இல்லையா?" என்றார்.

"கெடந்துச்சு."

"அப்பறம் என்ன? கழட்டிட்டுப் போயி ஆடு" என்று போனை வைத்துவிட்டார்.

கை கழுவுகிற இடத்தில் சோப்பு நுரையைப் போட்டு, திருகித் திருகி, தோல் வழன்று, ஒருவழியாக இரண்டும் வந்தன. விரலில் அந்த இடம் மட்டும் வெளுத்து, ஒடுங்கிப் போயிருந்தது. கைக்குட்டையில் முடிந்து பையில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

எல்லா நிலையும் எனக்குக் கண்ணால் அத்துப்படி. உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. முழங்காலை வெளிப்பக்கம் விரித்து மடக்கச் சொன்னால் இடுப்பு போகிறது. கையை வட்டமாகத் தூக்கச் சொன்னால் கொடியில் துணி போடுகிற கை வருகிறது. அந்தப் பெண் வந்து தோளை அமுக்கி, தாடையை நிமிர்த்தி, "இப்ப ஏறுங்க" என்றாள். ஏறினேன். வீடியோவில் வருகிற மாதிரி விரல் நுனியில் எல்லாம் இல்லை, அதற்கு வேறு செருப்பு, வேறு வயசு வேண்டும். குதிகால் தரையை விட்டு எழுந்தது, அவ்வளவுதான். தடுமாறி, மறுபடி ஏறி, நாற்காலியை விட்டுவிட்டேன். நின்றேன். பக்கத்தில் யாரும் பிடிக்கவில்லை, நான் எதையும் பிடிக்கவில்லை. இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம், அதைச் சொல்வதில் என்ன வெட்கம்?

வகுப்பு முடிந்து சாக்ஸைக் கழற்றும்போதுதான் அவர் ஞாபகம் வந்தது. போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு காது குத்துக்குப் போயிருந்தார்கள். ஆட்டோ பிடித்துப் பெரியார் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து திருமங்கலம், திருமங்கலத்தில் மாறி கல்லுப்பட்டி. வழியெல்லாம் போன் போட்டுக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் காலைத் தூக்கி வைத்து மெட்டியை மாட்டப் பார்த்தேன். விரல் வீங்கியிருந்தது, ஏறவில்லை. பக்கத்து சீட்டு அம்மா என் காலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். புத்தி கெட்டவளே, உனக்கு இந்த வயசில் ஆட்டம் கேட்கிறதா என்று என்னை நானே திட்டிக்கொண்டே வந்தேன்.

வீடு வெளிப்பூட்டுப் போட்டிருந்தது. பூட்டு தொங்கினால் மனுஷன் நடந்துதான் வெளியே போயிருக்கிறார் என்று புத்திக்குத் தெரிகிறது. தூக்கிக்கொண்டு போனவர்கள் பூட்டிவிட்டுப் போயிருக்கலாமே என்று மனசு சொல்கிறது. இன்னொரு தடவை போன் போட்டேன். உள்ளே மணி அடித்தது. கதவோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரோடோ சிரித்துப் பேசியபடி வந்தார். டீக்கடையில் இருந்தாராம். மத்தியானம் முழுக்க. வந்ததே கோபம், தெரு என்றும் பார்க்கவில்லை. போனை மறந்துவிட்டுப் போகிற வயசா இது, நான் செத்துப் பிழைத்து வருகிறேன் என்று கத்தினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் வைத்துவிட்டுப் போனேன் என்றார்.

"ஆடுறப்ப என் நெனப்பு வந்துச்சா?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். "வரல" என்றேன்.

"எனக்கும் என் நெனப்பு வரல" என்றார். "ரெண்டு வருசமா நீயும் நானும் எந் நெஞ்சவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். இன்னைக்கு ஒரு பொழுது ரெண்டு பேருக்கும் லீவு."

இதை ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். சொன்னால் அழுவாய் என்றார். அழுதுகொண்டுதான் இருந்தேன். அவர் பூட்டைத் திறந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போகட்டுமா என்றேன். தாராளமாகப் போ என்றார். நீங்கள் போனை எடுத்துக்கொண்டுதான் டீக்கடைக்குப் போகவேண்டும் என்றேன். அது மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.