டச்சுக்காரன் வாங்கிய புத்தகம்

என்னுடைய முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். பதினொரு வயதில், சதுரங்கப்பட்டினம் கோட்டையில் புதைந்திருக்கும் டச்சுக்காரர்கள் தமிழ்ப் புத்தகம் வாங்கிப் படிக்கிறார்கள் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை, ஆதாரத்தோடு நம்பினேன். ஆதாரத்தோடு நம்புகிற முட்டாளை யாராலும் திருத்த முடியாது.

என் மாமா, அம்மாவின் தம்பி, கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு புத்தகக் கடை வைத்திருந்தார். அங்கிருந்த பாதிப் புத்தகங்களைப் பதிப்பித்ததும் அவரே. நெம்மேலியிலிருந்து அச்சரப்பாக்கம் வரை யாராவது எதையாவது எழுதிப் பரணில் போட்டிருந்தால், அது எப்படியோ மோப்பம் பிடித்து மாமாவிடம் வந்து சேர்ந்துவிடும். அவர் அதைச் செங்கல்பட்டில் ஓர் அச்சகத்தில் கொடுத்து, புத்தகமாக்கி, கட்டுக்கட்டாகப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார். பஸ்ஸை விட்டு இறங்கிய கட்டுகள் அதற்குப் பிறகு எங்கும் பயணம் போனதில்லை.

கடைக்கு ஆள் வராமல் இல்லை. கோட்டை பார்க்க வந்தவர்கள் மகாபலிபுரத்துக்கு வழி கேட்டார்கள், குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டி, நாலு பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, “இதுக்கு பி.டி.எஃப். கீதா, அண்ணாத்த?” என்று மரியாதையாக விசாரித்தார்கள்.

“கீது. எழுதனவனுக்கு வவுறும் கீது” என்பார் மாமா. அவர்கள் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு, சிரித்துவிட்டுப் போவார்கள்.

மே மாத விடுமுறைக்கு நான் அங்கே போவேன். எனக்கு எந்தப் புத்தகத்தையும் எடுத்துப் படிக்க அனுமதி உண்டு; ஒரே நிபந்தனை, விரித்துப் படிக்கக் கூடாது. முதுகில் மடிப்பு விழுந்தால் புதுப்புத்தகம் இல்லையாம். ஆகவே பானைக்குள் எட்டிப் பார்க்கிற பூனை மாதிரி, விரலளவு திறந்த புத்தகத்துக்குள் ஒற்றைக்கண்ணை விட்டுப் படித்தேன். கட்டுமரக்காரர்கள் கடலில் கண்ட விபரீதங்களை அவர்களைச் சொல்லவைத்து எழுதிய புத்தகம் ஒன்று இருந்தது. அதன் ஒரு பக்கத்தில், விபரீதம் முற்றிய இடத்தில், என் கட்டைவிரல் மாங்காய் ஊறுகாயோடு பதிந்துவிட்டது. துடைத்தேன். துடைத்ததில் பெரிதானது. சத்தமில்லாமல் அலமாரியில் செருகிவிட்டேன்.

அந்தக் கடையில் மத்தியானம் ஒரு மாதிரியாக இருக்கும். கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்றில் தாள்கள் ஈரம் குடித்து, அட்டைகள் தாமாக வளையும். யாரும் தொடாமல் ஒரு புத்தகம் மெல்ல வாயைத் திறக்கும். கொஞ்ச நேரம் கழித்து அடுத்தது. பிறகு மூன்றாவது வரிசையில் எங்கோ ஒன்று. கோட்டைக்குள் மண்டையோடு செதுக்கிய கல்லறைப் பலகைகளை நான் பார்த்துவிட்டு வந்திருந்ததால், யார் படிக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

மாமா மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போவார். அப்படியே ஒரு தூக்கமும் போடுவார். மேசைமேல் மகாபலிபுரத்தில் வாங்கிய கல் ஆமை ஒன்று இருக்கும். யாருக்காவது புத்தகம் வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு, பணத்தை ஆமைக்கு அடியில் வைத்துவிட்டுப் போகலாம் என்று ஓர் அட்டையில் எழுதி மாட்டியிருந்தார். ஆள் இருக்கும்போதே வாங்காதவர்கள் ஆள் இல்லாதபோது வாங்குவார்களா என்று நான் கேட்டேன். வாங்கினார்கள். அதுதான் அதிசயம். சில நாட்களில் நாங்கள் திரும்பி வரும்போது ஆமைக்கு அடியில் சரியான விலை இருக்கும், அலமாரியில் ஒரு பல் விழுந்த இடம் இருக்கும். மாமா அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அன்று இரவு இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

ஒருநாள் கட்டுமரப் புத்தகம் போய்விட்டது. என் கட்டைவிரல் ஊர்விட்டு ஊர் போகிறதே என்று பயந்தேன். இரண்டு நாள் கழித்து அலமாரியில் அதே இடத்தில் அதே புத்தகம். திறந்து பார்த்தால், அதே பக்கத்தில் அதே ஊறுகாய் விரல். என் முதுகுத்தண்டில் யாரோ ஐஸ் குச்சியால் கோடு போட்டது போலிருந்தது. பணம் கொடுத்து வாங்கி, படித்துவிட்டு, திருப்பியும் கொண்டுவந்து வைக்கிறது! எங்கள் குடும்பத்தில் உயிரோடு இருக்கிறவர்களே இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் செய்ததில்லை.

மாமாவின் மகளிடம் மட்டும் சொன்னேன். அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். அதை ஒரு பட்டம் மாதிரி நடத்திக்கொண்டிருந்தாள்.

“டச்சுக்காரனுக்குத் தமிழ் தெரியுமாடா, லூசு?”

“முந்நூறு வருஷமா இங்கயே படுத்துகினு கீறான். இன்னுமா கத்துகினு இருக்க மாட்டான்?”

அவள் யோசித்தாள். “நீ ஆறு வருஷமா இஸ்கூலுக்குப் போற. இங்கிலீஷ் வந்துச்சா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நேரில் பார்த்துவிடுவது என்று முடிவுசெய்தேன். மாமா குறட்டையில் இறங்கியதும் வீட்டிலிருந்து நழுவி, கடைக்குள் புகுந்து, புத்தகக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வெளியே வெயில் ஒரு சத்தமும் இல்லாமல் எரிந்தது. அலமாரியில் ஓர் அட்டை வாய் திறந்தது. இன்னொன்று. பிறகு ஷட்டருக்கு அடியில், வெயிலில், இரண்டு பூட்ஸ்கள் வந்து நின்றன.

அந்தத் தெருவில் செருப்புப் போட்டவர்களே பாதிப்பேர். கறுத்து, கனத்து, மூக்கு உருண்ட பூட்ஸ்கள். கோட்டைக்காரனைத் தவிர யாருக்கு இருக்கும்? அவை உள்ளே நடந்தன. பிசகாமல் அலமாரிக்குப் போயின. நான் கத்தினேன் என்று சொல்லக்கூடாது. கத்தல் என்னைக் கேட்காமல் தானே போனது.

பூட்ஸ்காரன் என் வாயைப் பொத்தினான். கையில் கண்ணாடி வளையல். அத்தை.

மாமாவின் மனைவியான அத்தைக்கு நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலையில் வேலை; பூட்ஸ் அங்கே கொடுத்தது. காலை ஷிப்ட் முடிந்து வேன் இறக்கிவிடும் நேரத்தில் மாமா தூங்கிக்கொண்டிருப்பார். அந்த இடைவெளியில் தன் சம்பளத்தில் கொஞ்சத்தை ஆமைக்கு அடியில் வைத்துவிட்டு, ஒரு புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள். பிறகொரு நாள் அதையே கொண்டுவந்து செருகுவாள். வீட்டில் ஒளித்துவைக்க இடம் தீர்ந்துவிட்டதாம். அரிசி டிரம்மிலேயே ஆறு புத்தகம் இருந்ததாம்.

நம் கடையில் நாமே எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்டேன்.

“ஒண்ணாவது போச்சின்னாதான் உங்க மாமா துன்றாரு. இல்லன்னா தட்டுல வெரல வெச்சிகினு கோலம் போட்டுகினு உக்காந்துகீறாரு.” என் காதைப் பிடித்தாள். “அவருகிட்ட மூச்சு வுட்ட, பேயி நெஜமாவே வரும்.”

குழம்பை இன்னும் ருசியாக வைத்தால் விஷயம் முடிந்துவிடுமே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை, காது அவள் கையில் இருந்தது.

அடுத்த வாரம் அத்தைக்கு ஷிப்ட் மாறியது. மத்தியானம் போய் இரவு வருகிற வேலை. கடையில் பல் விழுவது நின்றது. மாமா தட்டில் கோலம் போட ஆரம்பித்தார்.

அந்தச் சனிக்கிழமை அச்சரப்பாக்கத்திலிருந்து நர்ஸ் அக்கா வந்தார். அரசு மருத்துவமனையில் வேலை. பிரசவ வார்டில் பார்த்ததை எல்லாம் கதைகளாக எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு வருடமாக அந்தக் காகிதக்கட்டு மாமாவின் மேசைக்கு அடியில் இருந்தது. அச்சகத்துக்காரர், போன புத்தகம் கொஞ்சமாவது விற்றால்தான் அடுத்ததில் கைவைப்பேன் என்று சொல்லியிருந்தார். அவரையும் குறைசொல்ல முடியாது. பாதி நாள் அவர் மெஷினும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. அக்கா வழக்கம்போல, “நம்மளது எப்போ அண்ணாத்த?” என்று கேட்டார். மாமா வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. காகிதக்கட்டை எடுத்துத் துடைத்து அவர் முன்னால் வைத்தார்.

“எட்துகினு போ சிஸ்டர். திங்கக்கெயம செங்கல்பட்டுக்குப் போயி இனிமே ஒண்ணும் இல்லன்னு சொல்லப்போறேன். இத வெச்சிகினு ஒன்ன ஏமாத்தக் கூடாது.”

அக்கா கட்டைத் தொடவில்லை. “வூட்ல கரையான் கீது அண்ணாத்த. இங்கயே இருக்கட்டும்” என்றார். பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் வெளியே பார்த்துக்கொண்டே இறங்கிப் போனார்.

மறுநாள் மத்தியானம் மாமா என்னைக் கடையில் உட்காரவைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். சாப்பிட அல்ல, படுக்க. நான் வீரமாகக் காவல் காத்தேன். அதாவது மேசைமேல் தலை வைத்துத் தூங்கினேன். பேய் பூட்ஸ் போட்ட அத்தைதான் என்று தெரிந்தபின் பயம் எதற்கு?

விழித்தபோது கடை குளிர்ந்திருந்தது. காற்று நின்றிருந்தது, ஆனால் எல்லா அட்டைகளும் கொஞ்சம் கொஞ்சம் திறந்திருந்தன, எதையோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல. வாசலிலிருந்து அலமாரிவரை, அலமாரியிலிருந்து என் மேசைவரை, ஈரமணல் ஒட்டிய வெறுங்கால் தடங்கள். என் தலைக்கு ஒரு சாண் தள்ளி கல் ஆமை இருந்தது. அதன் கீழே நனைந்த நோட்டுகள். அட்டையில் போட்ட விலை, சரியாக. கட்டுமரப் புத்தகம் இல்லை.

திரும்பிப் போன தடங்களைத் தேடினேன். வாசலில் வெயில் அதற்குள் துடைத்துவிட்டிருந்தது, அல்லது திரும்பிப் போகவேயில்லை. இரண்டாவதை நினைத்த மாத்திரத்தில் நான் வீட்டில் இருந்தேன். இடையில் ஓடியது நினைவில் இல்லை.

அத்தை இரவு வந்ததும் தனியாக இழுத்துக் கேட்டேன். அவள் ஆலையை விட்டு வெளியே வரவேயில்லை. யாரையும் அனுப்பவில்லை. அவளே கொஞ்சம் வெளுத்துப்போய், பிறகு சந்தேகம் வந்து, என் பையைக் கொட்டிச் சோதனை போட்டாள். அவள் மகள் என் தலையணைக்கு அடியில் பார்த்தாள். என்மேல் இருந்த நம்பிக்கை எல்லாருக்கும் ஒரே அளவுதான்.

சாயங்காலம் ஆமைக்கு அடியில் பணத்தைப் பார்த்தும் அன்றிரவு மாமா சரியாகச் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை செங்கல்பட்டுக்கும் போகவில்லை. தினமும் காலையில் கடையைத் திறந்ததும் முதல்வேலையாக அந்த இடைவெளிக்குப் போனார். இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் விரலால் விலக்கிப் பார்த்தார். நானும் அவருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். புத்தகம் திரும்பி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வராத ஒவ்வொரு நாளும் நான் அவர் முதுகோடு இன்னும் ஒட்டிக்கொண்டு நின்றேன்; அவருக்கு முகம் தெளிந்துகொண்டே வந்தது. பேயைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாரே, மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

ஒரு வாரம் பார்த்தார். பிறகு சலவைச் சட்டை போட்டு, நர்ஸ் அக்காவின் காகிதக்கட்டைப் பையில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஏறினார். திரும்பி வந்ததும் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அச்சகத்துக்காரரிடம் என்ன சொன்னாராம்? ஒருத்தர் வாங்கிவிட்டார் என்று. அவ்வளவுதான் சொன்னாராம். அந்த ஆள் எழுந்து மெஷினைத் துடைத்தாராம்.

கட்டுகளைத் தன் கையால் கட்டியவருக்கு எது குறைகிறது, எது திரும்பி வருகிறது என்று தெரியாமலா இருக்கும்? ஆமைக்கு அடியில் இருந்த பணம் யாருடையது என்று அவருக்கு முதல்நாளே தெரியும். அத்தைக்காக அந்தச் சோற்றை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் புரிய மீசை முளைக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வருகிற புத்தகத்துக்குப் பேய் தேவையில்லை, நான்தான் வீணாகப் பயந்தேன். போனது போனதாகவே இருந்த அந்த ஒன்றுதான், அந்த வீட்டில் அதுவரை யாரும் கண்டிராத அமானுஷ்யம்.

நர்ஸ் அக்காவின் புத்தகம் வந்தது. கடை இன்னும் இருக்கிறது. இருக்கிறது என்பதற்கு மேல் சொல்ல முடியாது. போன மாதம் போயிருந்தேன். மாமா தரையில் உட்கார்ந்து கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்: ஈரக்காலோடு வந்து அந்தப் புத்தகத்தை வாங்கிப் போனது யார் என்று கடைசிவரை தெரியவேயில்லையா?

மாமா சணல் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“யாரா இருந்தா இன்னா. நீயும் இல்ல, உங்க அத்தையும் இல்ல.”