கெட்டிமேளத்துக்கு வந்த சாக்ஸபோன்

எனக்குத் தாலி ஏறியது நாதஸ்வரத்துக்கு இல்லை, சாக்ஸபோனுக்கு. சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், தாலி என் கழுத்தில்தானே கிடக்கிறது!

கல்யாணம் எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில். முதல்நாள் மழைக்குப் பாதையில் மண் சரிந்து, மாத்தளையிலிருந்து மேளக்காரர்களை ஏற்றிவந்த பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. எனக்கு மாமியாராக வரவேண்டியவர் மணவறைக்குப் பக்கத்தில் ஒரே பிடியாக நின்றார்.

"கெட்டிமேளம் இல்லாம தாலி கட்ட விடமாட்டேன். அந்த நேரம் பாத்து எவளாவது தும்மித் தொலைச்சா? எம் மகன் வாழ்க்கை என்னாவுறது?"

அபசகுனச் சத்தத்தை அமுக்கத்தானே கெட்டிமேளம். லவுட்ஸ்பீக்கர்காரர் கையிலிருந்த சினிமாப் பாட்டு ரெக்கார்டுகளைக் காட்டினார். "சினிமாப் பாட்டுக்கா தாலி கட்டுவாங்க? வேற நாள் பாப்போம்" என்றுவிட்டார் அம்மாள்.

வேற நாளாம்! மணவறையில் இருந்த அந்த மனுசனுக்காக எத்தனை மாப்பிள்ளைகளைத் தட்டிக்கழித்திருந்தேன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணப்பெண் வாய் திறக்கக்கூடாது என்பதெல்லாம் மறந்தே போனது.

"அப்பா! துரை குடுத்துட்டுப் போன ரெக்கார்டைக் கொண்டாங்க!"

அப்பா தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் கோக்கி, சமையல்காரர். சமையலறையில் அவருக்கு ஒத்தாசை செய்யப் போகும்போதெல்லாம் அந்த ரெக்கார்டைக் கேட்டிருக்கிறேன். அட்டையில் ஒரு கறுப்பு மனிதர் கண்ணை மூடி சாக்ஸபோன் ஊதுவார். கூட வாசிப்பது ஆப்பிரிக்க மேளம் என்று துரை சொல்லியிருந்தார். மெட்டு என்று ஒன்றும் கிடையாது, அவரவர் இஷ்டத்துக்கு வெளுத்து வாங்குவார்கள். எனக்கு அது உயிர். சீமைக்குத் திரும்பும்போது துரை அதை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பா ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்ததும் லவுட்ஸ்பீக்கர்காரர் ஊசியை வைத்தார். முதலில் மேளம் மட்டும். பந்தலில் இருந்த தப்படிக்கிற மாமாமாரின் தலை ஆடத் தொடங்கியது. ஒருவர் வீட்டுக்கு ஓடித் தப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பிறகு ஊதினாரே அந்த மனிதர், அடேயப்பா! பூசாரியின் மந்திரம் எனக்கே கேட்கவில்லை. பிள்ளைகள் குதித்தன. மாமியார் வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினார். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கமுடியாமல் தாலியைக் கையில் எடுத்தார். எனக்கும் சிரிப்பு, சந்தோசம், கண்ணீர் எல்லாம் ஒன்றாக வந்தன.

முதல் முடிச்சு விழுகிற நேரம் நிமிர்ந்து பார்த்தேன். மாமியாரின் மூக்கு சுருங்கியது, வாய் பிளந்தது, உடம்பே ஒருமுறை குலுங்கியது. தும்மிவிட்டார்! சாக்ஸபோன் அதை அப்படியே விழுங்கிவிட்டது. பார்த்தது நான் மட்டும்தான். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

பாட்டு முடிந்ததும் என் காதருகே குனிந்தார்.

"ஏம் மகளே, ஒனக்கு ஏதும் கேட்டுச்சா?"

"மேளம்தான் கேட்டுச்சு மாமி."

என் தலையில் சரிந்திருந்த பூவைச் சரிசெய்துவிட்டார். பிறகு நிமிர்ந்து, லவுட்ஸ்பீக்கர்காரரைப் பார்த்துக் கத்தினார்.

"தம்பி, அதத் திருப்பி மத்தப் பக்கத்தையும் போடுங்க!"